ஆம் என்று அழுத்துங்கள்

மட்டக்களப்பு
25 ஏப்ரல் 2007

றவூப் நானாவுக்கு,

காத்தான்குடி பதியுதீன் ஹாஜியார் வெள்ளிக்கிழமை தோஹாவுக்குப் பயணமாம். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மின்னஞ்சலில் எழுத மனம் வரவில்லை. ஏனென்று வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

கோணாமலையைக் கொண்டுபோய்விட்டார்கள். பதினாறாம் திகதி காலை எட்டு மணிக்கு, வாழைச்சேனையில் அவனுடைய மாமன் அழகரத்தினத்தின் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவனை. இலக்கத் தகடு இல்லாத வான். வந்தவர்கள் வழி கேட்கவில்லை, அயலில் விசாரிக்கவில்லை. நேரே வேலிக் கடப்பைத் திறந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம்.

நீங்கள் கட்டித் தந்த இணையத்தளத்தில் நானூற்றுச் சொச்சம் குடும்பம் இருப்பதால் உங்களுக்கு ஆள் நினைவில் இராது. கிரான் கண்ணகை அக்காவின் ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது, வயல் வட்டையில் உழவு மெஷின் ஓட்டினவன். ஜனவரியில் ஷெல் விழுந்தபோது தாயும் மகனும் வேறு வேறு பக்கம் ஓடிவிட்டார்கள். அக்கா இங்கே பள்ளிக்கூட முகாமில். அவன் எங்கே என்று தெரியாமல் மூன்று மாதமாக என் மேசைக்கு நடந்தார். நம் இணையத்தளமே இப்படிச் சிதறினவர்களைச் சேர்த்துவைக்கத்தானே.

பன்னிரண்டாம் திகதி நம் வாழைச்சேனைப் பதிவாளர் அவனைக் கண்டுபிடித்து, விபரத்தைத் தளத்தில் ஏற்றினார். மறுநாள் சித்திரை வருஷத்துக்காக நம் அலுவலகம் பூட்டு. வருஷம் பிறக்கமுன் அக்காவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற அந்தரத்தில் நகரத்தில் ஒரு இன்டர்நெட் கடைக்குப் போனேன். போனில் விலாசம் பேசக்கூடாது என்று விதி வைத்ததே நீங்கள்தான். தளத்தைத் திறந்தால் திரையில் வழக்கமான எச்சரிக்கைப் பெட்டி வந்தது. நீங்கள் பழக்கித் தந்தபடி ‘ஆம்’ என்று அழுத்தி உள்ளே போய், விலாசத்தைப் பார்த்துவிட்டு முகாமுக்கு ஓடினேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். வருஷத்தன்று மாமனின் போனில் நாலு நிமிஷம் மகனோடு பேசினார். அவனுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். மருந்து இருக்கா, மருந்து இருக்கா என்று அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மூன்றாம் நாள் ஆள் இல்லை.

அக்காவைத் தவிர அந்த விலாசம் தெரிந்தவர்கள் நாலு பேர். மாமன் வீடு, பதிவாளர், நான், நம் தளம். போன வருஷம் “பூட்டுப் போட்டாச்சு, தங்கச்சி, இனிப் பயமில்லாமல் எழுதுங்க” என்று சொன்னீர்களே, அந்தப் பூட்டு நல்ல பூட்டுத்தானா? நம்மிடமிருந்துதான் போனதா? அக்கா இன்னும் தினமும் வருகிறார். என் முகத்தைப் பார்க்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சீதேவிப்பிள்ளை


தோஹா
9 மே 2007

அன்புத் தங்கச்சி சீதேவிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அல்லாஹ் அந்தப் பிள்ளையைப் பாதுகாக்க வேண்டும். உடனே பதில் எழுத முடியவில்லை. கம்பனியில் பழைய சேர்வர்களை எல்லாம் மாற்றுகிறார்கள், வெயிலும் தொடங்கிவிட்டது, தலை நிமிர நேரமில்லை.

கேட்டதற்கு வருகிறேன். நம் தளத்தில் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது. அது இருந்தால், நீங்கள் தட்டுகிற எழுத்து உறைக்குள் ஒட்டின கடிதம் மாதிரி மூடித்தான் போகும். நடுவில் ஒருவன் பிடித்தாலும் வாசிக்க முடியாது. எச்சரிக்கைப் பெட்டி வருவது சிலவகைச் சான்றிதழுக்குச் சாதாரணம். அதைப் பற்றி யோசித்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம்முடைய ஊரில் இப்படியான விஷயம் கொம்பியூட்டரால் வெளியே போவது குறைவு, தங்கச்சி. வாயால்தான் போகும். அந்த நாலு நிமிஷப் போன் பேச்சை யோசித்துப் பாருங்கள். விலாசம் சொல்லாவிட்டாலும் போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அக்காவைக் குறை சொல்லவில்லை. தாய் மனம் அப்படித்தான்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நம் மன்றத் தலைவர் சாமித்தம்பி ஐயாவுக்குப் போன் எடுத்து, பத்துப் பதிவுகளின் இலக்கத்தை மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். ஒரு முன்னெச்சரிக்கைதான். உங்கள் பழைய நுழைவுப் பெயரையும் நிறுத்திவிட்டேன். புதியது ஐயாவிடம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

றவூப்


மட்டக்களப்பு
28 மே 2007

றவூப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பி நான் ஒரு பாவம் செய்துவிட்டேன். கண்ணகை அக்காவிடம் அந்தப் போன் பேச்சைப் பற்றிக் கேட்டேன். “யோசிச்சுச் சொல்லுங்க அக்கா, என்னென்ன கதைச்சீங்க?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். “என்ட வாயாலயா மகள் என்ட புள்ளயக் குடுத்திட்டன்?” என்றார். அன்றிலிருந்து முகாமில் யாரோடும் அவர் பேசுவதில்லை. பக்கத்துப் பாயில் படுக்கிற மனுஷி வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறாராம், கோப்பையை நீட்டுகிறாராம், வாய் திறக்கிறாரில்லையாம்.

அதற்குப் பிறகுதான் உங்கள் பத்து இலக்கத்தையும் ஐயாவிடம் வாங்கித் தளத்தில் பார்த்தேன். ஒருவன் ஏறாவூருக்குப் பக்கத்தில், ஒருவன் களுவாஞ்சிக்குடியில், மற்றவர்கள் வேறு வேறு ஊரில். எல்லாரும் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில், தனியாக உறவினர் வீட்டில் ஒளிந்திருக்கிறவர்கள். கோணாமலையும் அதேமாதிரித்தான். நானூறு குடும்பத்துக்குள் அந்தப் பத்துப் பேரைத் தோஹாவில் இருந்துகொண்டு எப்படிப் பொறுக்கினீர்கள்?

பொறுக்க முடியாமல் காத்தான்குடியில் கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கிற ஸஹீதாவிடம் போனேன். அவர் அந்த எச்சரிக்கைப் பெட்டியை மூடாமல், உள்ளே போய்ச் சான்றிதழைத் திறந்து காட்டினார். பெற்றவர் என்ற இடத்தில் நம் தளத்தின் பெயர். வழங்கியவர் என்ற இடத்திலும் நம் தளத்தின் பெயர். “இது தனக்குத் தானே குடுத்த சான்றிதழ் அக்கா. காசுக்கு வாங்கினதெண்டா இந்தப் பெட்டியே வராது” என்றார்.

போன ஓகஸ்டில் மூன்று கம்பனிகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கிறேன், மலிவாகவும் நம்பிக்கையாகவும் இருப்பதை எடுப்பேன் என்று எழுதினீர்கள். எதை எடுத்தீர்கள்?

நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி இனி எழுத வேண்டாம்.

சீதேவிப்பிள்ளை


தோஹா
10 ஜூன் 2007

சீதேவி,

ஒன்றையும் எடுக்கவில்லை.

மூன்று கம்பனியையும் பார்த்தது உண்மை. முதலாவது பெரிய கம்பனி. என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி கேட்டார்கள். இரண்டாவது அதைவிடக் குறைவு, ஆனால் நம் மன்றத்தின் பதிவுப் பத்திரமும் தலைவரின் கையெழுத்தும் தொலைநகலில் வேண்டும் என்றார்கள். சாமித்தம்பி ஐயாவின் பெயரை வெளிநாட்டுக்கு அனுப்பப் பயந்தேன். மூன்றாவது ஒரு சின்ன விற்பனையாளர். தளம் நம்முடையதுதானா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள், பதில் போட்டால் போதும், பத்து நிமிஷத்தில் சான்றிதழ் வந்துவிடும். விலை, இங்கே நாலு பேர் வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிடுகிற காசு. நமக்குத் தேவையானது அதுதான். அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆனால் கிரெடிட் கார்ட் இல்லாமல் வாங்க முடியாது. என்னிடம் இல்லை. என் மனேஜரிடம் இருந்தது. அவர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு தடவை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். காசைக் கையில் வைத்துக்கொண்டு, சேர், உங்கட கார்டை ஒருக்காத் தாங்க என்று கேட்க வெட்கமாக இருந்தது. கடன் கேட்கிறான் என்று நினைப்பாரோ என்று நினைத்தேன். அதோடு ஒரு பெருமையும் இருந்தது. இவ்வளவு சேர்வரைக் கட்டி ஆளுகிறவனுக்கு ஒரு சான்றிதழ் செய்யத் தெரியாதா? நானே செய்தேன். எழுத்தை மூடுகிற வேலையை அதுவும் செய்யும். ஆனால் யார் கையால் மூடியது என்று பிரவுசருக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கும். பயப்படாமல் ‘ஆம்’ என்று அழுத்துங்கள் என்று உங்கள் பதினாறு பதிவாளர்களுக்கும் போனில் பாடம் எடுத்தவன் நான்தான்.

அந்தக் கடையில் யாரோ உங்களுக்கும் நம் தளத்துக்கும் நடுவில் ஒரு கொம்பியூட்டரை வைத்திருக்கிறார்கள். நீங்கள் அன்று பார்த்த பெட்டி என் சான்றிதழுக்கு வந்ததல்ல, அவர்களுடைய போலிச் சான்றிதழுக்கு வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் தட்டின நுழைவுப் பெயரும் பாஸ்வேர்டும் அவர்கள் கையில். வாங்கின சான்றிதழ் இருந்திருந்தால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பெட்டியைக் கண்டிருப்பீர்கள், கையை எடுத்திருப்பீர்கள். வீட்டு நாய் எல்லா நாளும் குரைத்தால் கள்ளன் வந்த நாளை எப்படிப் பிரித்து அறிவது? குரைக்கட்டும், கவனிக்காதீர்கள் என்று உங்களைப் பழக்கினது நான். ‘ஆம்’ என்று அழுத்தினது உங்கள் விரல், அவ்வளவுதான்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே சேர்வரின் வருகைக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். நீங்கள் வெளியேறி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வேறொருவர் உங்கள் பெயரில் உள்ளே வந்திருக்கிறார். பதினொரு பக்கங்களைத் திறந்திருக்கிறார். ஒன்று கோணாமலை. மற்றப் பத்தும் உங்களுக்குத் தெரியும். அவ்வளவையும் கண்ணால் கண்டுவிட்டுத்தான் அந்தத் தாயின் போன் பேச்சைக் காரணம் காட்டி உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதின கை இதுதான். தொழுகையில் கையை நெஞ்சில் கட்டும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன்.

நேற்று மனேஜரிடம் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே கார்டை எடுத்துத் தந்தார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாவது ஆளிடம் வாங்கிப் போட்டுவிட்டேன். இனி எச்சரிக்கை வராது. எப்போதாவது வந்தால், தொடாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுதல். ஓகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன். நானே வந்து, அக்காவின் முன்னால் நின்று சொல்கிறேன். அதுவரை பொறுங்கள்.

றவூப்


மட்டக்களப்பு
1 ஜூலை 2007

றவூப் நானா,

பொறுக்கவில்லை. ஓகஸ்ட்வரை அந்த மனுஷி தன் வாயைத் தானே தைத்துக்கொண்டு இருக்க வேண்டுமா? உங்கள் கடிதம் வந்த மறுநாளே போனேன்.

முகாமின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். கடை, பெட்டி, நான் அழுத்தியது, நீங்கள் வாங்காமல் விட்டது. பூட்டு, சான்றிதழ் என்பதெல்லாம் அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. கை மட்டும் அரிசிக்குள் நின்றுவிட்டது.

“அப்ப என்ட கதையால போகல்லயா?”

“இல்ல அக்கா. எங்களாலதான்.”

“நான் கதைச்சதால இல்ல?”

“இல்லவே இல்ல.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு மாதத்துக்குமேல் கழித்து அவருடைய குரலைக் கேட்டவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அரிசிச் சட்டியால் எனக்கு அடித்திருக்க வேண்டும். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் அலுவலகம் திறக்கமுன்னே வாசலில் நிற்கிறார்.

“அந்த ஓட்டைய அடைச்சிட்டீங்களாகா?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா, இப்ப நல்ல பூட்டு.”

“ஏன்கா அடைச்ச நீங்க?”

எனக்கு விளங்கவில்லை. கதிரையை இழுத்துக் கொடுத்தேன், இருக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “என்ட புள்ளைக்காக மூணு அரசாங்கக் கந்தோரில எழுதிக் குடுத்தன். எல்லாரும் வாங்கி வச்சிக்கிட்டாங்க. ஒருத்தரும் வாசிக்கல்ல. அவனப் பத்தி எழுதினத வாசிச்சவன் அவன் ஒருத்தன்தான், உங்கட பெட்டிக்குள்ள களவா வந்தவன். திரும்பியும் வருவான்தானே? வந்தா வாசிப்பான்தானே? அவனுக்கு நான் ஒண்டு எழுதணும் மகள். அந்த ஓட்டையத் திறந்து விடச் சொல்லு.”

முடியாது அக்கா, மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றேன். “மற்றப் புள்ளையள உள்ளுக்க வச்சிப் பூட்டு. என்ட புள்ள வெளியிலதானே நிக்கான். அவனுக்கென்ன பூட்டு?” என்றார்.

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். உங்கள் மேல் கோபம் போகவில்லை. ஆனால் நானாவைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்?

சீதேவி


தோஹா
15 ஜூலை 2007

தங்கச்சி,

மூன்று நாள் யோசித்தேன். முடியாது என்று எழுதத்தான் முதலில் பேனையை எடுத்தேன். என் வெட்கத்துக்காக தளத்தில் பிழை இல்லை என்று அந்தத் தாயை ஒருதரம் தள்ளிவிட்டாயிற்று. இரண்டாந்தரம் தள்ள மனம் வரவில்லை.

செய்துவிட்டேன். குடும்பங்கள் எல்லாம் புதிய சான்றிதழுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. வேறொரு சேர்வரில் பழைய தளம் மாதிரியே ஒன்றை வைத்து, உங்கள் பழைய நுழைவுப் பெயரும் பாஸ்வேர்டும் அங்கே மட்டும் வேலை செய்யும்படி விட்டிருக்கிறேன். களவாக எடுத்தவர்கள் அதை மறுபடியும் போட்டுப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்பார்கள். அதற்குள் ஒரே ஒரு பதிவு. மாமனின் பெயர், வீடு, முகாம் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கோணாமலையின் பெயரும், தாய் எழுதுவதற்கு ஓர் இடமும், அதற்குக் கீழே பதில் எழுத ஒரு பெட்டியும் மட்டுந்தான்.

நீங்கள் எந்தக் கடையில் இருந்தும் அதைத் திறக்க வேண்டாம். அக்கா சொல்வதைக் கடிதத்தில் எழுதி அனுப்புங்கள், நான் இங்கிருந்து ஏற்றுகிறேன். உங்களுக்கும் ஒன்று நடந்தால் எனக்கு இந்த உலகத்தில் முகம் இராது.

இது சரியா பிழையா என்று தெரியாமல்தான் செய்கிறேன். முந்தியது பிழை என்று தெரிந்தே செய்தேன்.

றவூப்


மட்டக்களப்பு
29 ஜூலை 2007

நானா,

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். “வேணாம், நான் கதைக்கிற மாதிரியே இருக்கட்டும்” என்றார். நீங்களும் ஒன்றையும் திருத்த வேண்டாம்.

“தம்பிமாரே, நான் கோணாமலைட அம்மா, கண்ணகை. உங்களோட சண்டை பிடிக்க இத எழுதல்ல. நீங்க ஆரெண்டு கேக்கவும் மாட்டன். அவனுக்கு முட்டு வருத்தம் இருக்கு. புழுதி பட்டாலும் பனி பட்டாலும் இழுக்கும். இழுக்கக்குள்ள படுக்க வைக்காதிங்க, சாய்ச்சி இருத்தி வைங்க. சுடுதண்ணி கொஞ்சம் குடுங்க. வெக்கத்தில கேக்க மாட்டான், நீங்களாப் பார்த்துக் குடுக்கணும். மருந்து என்னட்ட இருக்கு. எங்க கொண்டு வரணுமெண்டு மட்டும் சொல்லுங்க. வச்சிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்திருவன். அவன் கெட்ட புள்ள இல்ல. உங்களுக்கும் அம்மா இருப்பா.”

இதற்குப் பிறகு ஒரு வரி சொன்னார். நான் எழுதி முடித்ததும் அதை வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். அது என்னவென்று உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

முகாமில் இப்போது பேசுகிறார். குறைவாகத்தான். ஒவ்வொரு நாளும் வந்து ஒரே கேள்வி கேட்கிறார், “வாசிச்சிட்டானாமா?”

சீதேவி


தோஹா
20 ஓகஸ்ட் 2007

தங்கச்சி சீதேவிக்கு,

லீவு தள்ளிப்போய்விட்டது. நோன்புப் பெருநாளைக்குத்தான் வர முடியும். வந்ததும் வீட்டுக்குப் போகமுன் முகாமுக்கு வருவேன். அக்கா என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அக்காவின் கடிதத்தை ஆறாம் திகதி ஏற்றினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. தினமும் வேலைக்குப் போகமுன் வருகைக் குறிப்பைப் பார்ப்பேன். ஒன்பது நாள் யாரும் வரவில்லை.

பதினாறாம் திகதி பின்னேரம் ஒருவர் உங்கள் பழைய பெயரில் உள்ளே வந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தார். சேர்வர் கணக்கின்படி அன்று மட்டும் மூன்று தடவை திறந்திருக்கிறார். மறுநாள் காலையில் இன்னொரு தடவை.

பதில் பெட்டியில் ஒன்றுமில்லை. இன்று காலையும் பார்த்தேன். வெறுமையாகத்தான் இருக்கிறது.

வாசித்ததை மட்டும் சொல்லி, பெட்டி வெறுமையாக இருப்பதை மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் மனம் ஓடியது. என்னை உங்களுக்குத் தெரியும். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், தங்கச்சி. அக்காவிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

றவூப்